பெயர் பொறிக்காத பேரரசர்



சீக்கியர் சரித்திரத்தைப் பற்றிச் சில நிமிஷங்கள் பேச வேண்டுமென்று வானொலி நிலையத்தார் பணித்திருக்கிறார்கள். பத்துக் குருமார்களையும், மிஸல் என்று வழங்கிய படைக்கூட்டங்களையும், ஒரு சாம்ராஜ்யத்தின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் இந்தச் சிறு பொழுதுக்குள் அடக்குவது என்னால் ஆகிற காரியமன்று. பொருட்காட்சிசாலையில் நாணயப் பகுதியைக் கவனித்து வந்தவனாகையால், எந்தச் சரித்திரமும் எனக்குக் காசின் வழியாகவே கண்ணுக்குப் புலப்படும். அந்த வழியிலேயே உங்களையும் அழைத்துச் செல்கிறேன்.

நானக்ஷாஹி ரூபாய் என்று பெயர் பெற்ற வெள்ளிக் காசு ஒன்றைக் கையில் வைத்திருப்பதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 11 கிராம். இக்காலத்துக் காசைப்போல் மெலிந்ததன்று, கனத்த வில்லை. விளிம்பு ஒரே சீராக இராது. அச்சு பெரிது, வில்லை சிறிது. ஆகையால் சம்மட்டியால் அடிக்கும்போது எழுத்துக்களில் பாதி காசில் விழும், பாதி வெளியே போய்விடும். முழு வாசகத்தையும் படிக்க வேண்டுமானால் நாலைந்து காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் தேடி இட்டு நிரப்ப வேண்டும். எழுத்து பாரசீக எழுத்து; பின்புறத்தில் பெரும்பாலும் அரசிலையை ஒத்த ஓர் இலை இருக்கும். காட்சிக்கு வருகிறவர்கள் இதை வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ராஜா பெயர் எங்கே ஸார்?" என்று கேட்பார்கள். "இல்லை" என்று சொன்னால், அழிந்துபோயிற்று போலும் என்று எண்ணிக்கொண்டு அனுதாபத்தோடு அப்பால் நகர்ந்துவிடுவார்கள்.

அழிந்துபோகவில்லை, நேயர்களே, ஆதியிலேயே பொறிக்கப்படவில்லை. முகலாயர் காலத்தில் ஒருவன் அரசனானான் என்பதற்கு அடையாளங்கள் இரண்டு: வெள்ளிக்கிழமைத் தொழுகையின் பிரசங்கத்தில் அவன் பெயர் ஒலிக்க வேண்டும், நாணயத்தில் அவன் பெயர் இருக்க வேண்டும். ஒரு மாதமே ஆண்டவன்கூடத் தன் பெயரில் காசு அடித்துவிடுவான். அப்படிப்பட்ட காலத்திலே, 1710-ஆம் ஆண்டில் ஸிர்ஹிந்தின் நவாப் வாஸிர் கானைப் போரில் வீழ்த்தி, அச்சீமையைக் கைக்கொண்ட சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூர், தம் பெயரை விடுத்துக் குரு நானக், குரு கோவிந்த சிங் ஆகிய இருவர் பெயராலும் காசு அடித்தார். அவருடைய முத்திரையில் அன்னதானக் கொப்பரையும் வாளும் வெற்றியும் ஒருங்கே பேசப்பட்டன. பசித்தவனுக்குச் சோறிடும் பாத்திரத்தைப் பகைவனை வெட்டும் ஆயுதத்துக்குச் சமமாக ஏற்றிய ராஜமுத்திரை வேறொன்றை நான் கண்டதில்லை. பந்தா 1716-இல் டில்லியில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அவர் முத்திரையின் வாசகமோ பின்வந்த சீக்கியர்களின் ரூபாயில் ஏறிக்கொண்டது.

1699-இல் ஆனந்தபூரில் கால்ஸா என்ற சீக்கியத் திருக்கூட்டம் பிறந்த வரலாற்றை நான் விஸ்தரிக்கப் போவதில்லை. குரு கோவிந்தரைப் பற்றிய பாரதியாரின் பாட்டைப் படித்தவர்களுக்கு அதை நான் வசனத்தில் சொல்லிக் கெடுப்பானேன்? ஆப்கானிய அரசன் அகமத் ஷா 1762-இல் பல்லாயிரக்கணக்கான சீக்கியர்களைக் கொன்று குவித்து, அமிருதஸரஸிலுள்ள திருக்கோயிலையும் வெடி வைத்துத் தகர்த்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்றே ஆண்டுகளில், 1765-இல், லேஹ்ணா சிங், குஜ்ஜர் சிங், ஸோபா சிங் என்ற மூன்று தலைவர்கள் லாகூரைப் பிடித்து, நகரத்தைத் தமக்குள் மூன்று கூறாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவ்வாண்டு அங்கே அடித்த ரூபாயில் அம்மூவரில் எவர் பெயரும் இல்லை. குருமார் பெயரே இருக்கிறது. நிலத்தைப் பங்கு போட்டவர்கள் நாணயத்தைப் பங்கு போடவில்லை.

இனி, ரஞ்சித் சிங். அம்மையினால் ஒரு கண்ணை இழந்தவர். நெடிய உருவமோ வசீகரமோ இல்லாதவர். தம் பதினெட்டாம் வயதில், 1799-இல், மாமியார் ஸதா கௌரின் துணையோடு லாகூரை அந்த மூவருடைய புதல்வர்களிடமிருந்து கைப்பற்றியவர். 1801-ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில், நானக்கின் வழிவந்த ஸாஹிப் சிங் பேதி அவர் நெற்றியில் திலகமிட, அவர் மகாராஜாவானார். கிரீடம் அணியவில்லை, தலைப்பாகையே போதுமென்றிருந்தார். அரசாங்கத்துக்கு 'ஸர்க்கார் கால்ஸா' என்று பெயர். முல்தானையும் காஷ்மீரத்தையும் பெஷாவரையும் வென்று, கைபர் கணவாயின் வாயில்வரை ஆணை செலுத்தி, ஆப்கானிய மன்னராயிருந்த ஷா ஷூஜாவிடமிருந்து கோஹினூர் வைரத்தையும் வாங்கிக் கையில் கட்டிக்கொண்ட அந்த மன்னர், தாம் அடித்த ரூபாயில் தம் பெயருக்கு இடம் வைக்கவில்லை.

இதை வெறும் விநயம் என்று புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கோஹினூரைக் கட்டிக்கொண்ட கை துறவியின் கையன்று. நேற்றுவரை தம்மோடு சரிசமமாகக் குதிரையேறிய சர்தார்களை அடக்கி ஆள வேண்டியிருந்தது. ரஞ்சித்தின் பெயர் தாங்கிய காசை அவர்கள் மனம் பொறுத்திராது. குருவின் பெயர் தாங்கிய காசையோ எவரும் மறுக்க முடியாது. பக்தியும் ராஜதந்திரமும் இங்கே பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கின்றன என்பதே என் அபிப்பிராயம். மோரான் என்ற நாட்டியப் பெண்ணிடம் அவர் மையல் கொண்டதையும், அதற்காகச் சீக்கியரின் சமயத் தலைவரான அகாலி பூலா சிங் அவருக்குக் கசையடி விதித்ததையும், மகாராஜா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதையும் பஞ்சாபில் இன்றும் கதையாகச் சொல்லுவார்கள். அவளுக்காகவே தனிக் குறியிட்டு ரூபாய் அடித்ததாகவும் ஜனங்கள் நம்பினார்கள். அந்தக் காசுகளிலும் குருமாரின் பெயர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். காசு சேகரிப்பவர் ஒருவர் அமிருதஸர் ரூபாயோடு வந்து, அதில் 1885 என்றிருப்பதைக் காட்டி, "இது விக்டோரியா காலத்துப் போலி" என்று என்னோடு வாதாடினார். அந்த ஆண்டு விக்கிரம சகாப்தம், கிறிஸ்துவுக்கு 57 ஆண்டு முற்பட்டுத் தொடங்குவது, ஆகவே 1828. அவர் சமாதானமடையுமுன் மற்றொரு சிக்கலும் தலைநீட்டியது: பல காசுகளில் 1885 என்ற ஆண்டு அசையாமல் நின்றுவிட, அடித்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் வேறோரிடத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அக்காலத்துக் காசுக்கடைக்காரர்கள் முந்திய வருஷத்துக் காசென்றால் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுப்பார்கள். அந்தக் கொள்ளைக்கு இடங்கொடாமலிருக்கவே ஆண்டை நிறுத்தினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பர் பூதக்கண்ணாடியை வாங்கி அந்தப் பொடி இலக்கங்களைத் தாமே கண்டுபிடித்த பிறகுதான் தேநீர் அருந்த இசைந்தார்.

நேரம் ஓடிவிட்டது. காஷ்மீரத்தை ஆண்டபோது அங்கே புழங்கிய ரூபாய்க்கே ஜனங்கள் தம் பெயரைச் சூட்டும் பேறு பெற்றவரும், 1837-இல் ஜம்ரூத் கோட்டையைக் காத்து உயிர் நீத்தவருமான ஹரி சிங் நல்வாவைப் பற்றியோ, நெப்போலியனின் சேனையில் பணி புரிந்துவிட்டு லாகூருக்கு வந்து சேர்ந்த அல்லார், வெந்துரா என்ற தளபதிகளைப் பற்றியோ, மகாராஜாவின் அந்தரங்க மந்திரியான பக்கீர் அஜீஸுத்தீனைப் பற்றியோ சொல்ல இன்று அவகாசமில்லை. 1839-இல் ரஞ்சித் சிங் காலமானார். கொலைகளும் சூழ்ச்சிகளும் ஆங்கிலேயரோடு இரண்டு யுத்தங்களும் தொடர்ந்தன. 1849 மார்ச்சில் பத்து வயதுச் சிறுவரான மகாராஜா துலீப் சிங் ராஜ்யத்தையும் வைரத்தையும் கையொப்பமிட்டுக் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் நானக்ஷாஹி ரூபாய்களைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். எஞ்சியவையே நம்மிடம் இருக்கின்றன.

அத்தகைய பழங்காசு ஏதேனும் உங்கள் வீட்டுப் பெட்டியில் அகப்பட்டால், பளபளப்பாக்குவதாக எண்ணிப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; தேய்க்கத் தேய்க்க எழுத்துத்தான் மங்கும். அப்படியே ஒரு காகிதத்தில் மடித்து, அருகிலுள்ள பொருட்காட்சிசாலைக்கு எடுத்துச் சென்று, அங்கிருப்பவரிடம் காட்டுங்கள்.