சீதா இரண்டு, உல்டா இரண்டு
(தில்லியில் ஒரு தமிழ் வாசிப்பு வகுப்பில் பேசியது)



இன்றைக்குப் புத்தகத்தை மூடி வையுங்கள். என் பையில் நான்கு பொருள் கொண்டு வந்திருக்கிறேன். ஒரு சின்ன ஸ்வெட்டர். ஒரு ஜோடி பின்னல் ஊசி. ஒரு லச்சி பச்சைக் கம்பளி நூல். மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு துண்டுக் காகிதம். இவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் தில்லிக் குளிர் வந்துவிடும். ஜனவரி மாத விடியற்காலையில் நான்கு டிகிரி, ஐந்து டிகிரி என்று இறங்கும். எதிரே வரும் ஆள் தெரியாத அளவு பனி மூடும். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய என் அம்மாவுக்கு இப்படி ஒரு குளிர் உண்டு என்றே தெரியாதாம். ஊரில் மார்கழி என்றால் ஒரு துண்டைத் தலையில் கட்டினால் போதும். இங்கே அது போதவில்லை.

எங்கள் சந்தில் ஒரு பஞ்சாபிப் பாட்டி இருந்தார். எல்லோரும் அவரை பீபீஜி என்று கூப்பிடுவோம். குளிர் காலத்தில் காலை பத்து மணிக்கு வெயில் வரும். உடனே அவர் கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போடுவார். மடியில் கம்பளி நூல் பந்து. கையில் இரண்டு ஊசி. பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை. என் அம்மா வேலை முடிந்து வரும்போது நின்று பார்ப்பார். ஒரு நாள் பீபீஜி கட்டிலில் இடம் காட்டி உட்காரச் சொன்னார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. பீபீஜிக்குத் தமிழ் தெரியாது. கையைப் பார்த்துக் கை கற்றுக்கொண்டது.

பின்னலில் இரண்டே வகைதான். நேராகப் போடுவது ஒன்று. புரட்டிப் போடுவது ஒன்று. இந்தியில் நேருக்கு 'சீதா' என்பார்கள். புரட்டுவதற்கு 'உல்டா'. என் அம்மா அந்த 'சீதா'வை ராமாயணத்துச் சீதா என்றே நினைத்துக்கொண்டார். இந்த ஊரில் ஊசி எடுக்கும்போதெல்லாம் சாமி பெயர் சொல்லுவார்கள் போலிருக்கிறது என்று பக்தியோடு 'சீதா, சீதா' என்று சொல்லிக்கொண்டே பின்னினாராம். அதோ, பின் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார் பாருங்கள். அவர்தான்.

ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எத்தனை கண்ணி ஏற்றினோம், எத்தனை வரி பின்னினோம் என்ற கணக்கு தவறக் கூடாது. அம்மாவுக்கு அப்போது எழுதத் தெரியாது. அதனால் ஒரு வரி முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவார். முதுகுப் பக்கம் எத்தனை கொட்டையோ, மார்புப் பக்கமும் அத்தனை கொட்டை வர வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. அது அந்தக் கொட்டைகளை எடுத்துப் பல்லாங்குழி ஆடிவிட்டது. அந்தப் பிள்ளை நான்தான்.

கணக்கு போயிற்று. அம்மா எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பின்னினார். அக்குள் வரை வந்தது. அங்கேதான் கண்ணியைக் குறைக்க வேண்டும். குறைத்தால்தான் கை நுழையும் வளைவு வரும். அந்தச் சமயத்தில் பீபீஜி லூதியானாவில் இருக்கும் தன் மகனிடம் போகும்படி ஆகிவிட்டது. கம்பளி ஆடைக்குப் பேர்போன ஊர் அது. போகிற அன்று ஒரு காகிதத்தில் மீதி வேலையை எல்லாம் எழுதி அம்மா கையில் கொடுத்தார். கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

காகிதம் இந்தியில் இருந்தது. அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். வேறு யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காட்டவில்லை. படிக்கத் தெரியாது என்று சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் எப்படிப்பட்டது என்று இந்த அறையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காகிதம் அரிசி டப்பாவுக்கு அடியில் போயிற்று. பாதி ஸ்வெட்டர் பெட்டிக்குள் போயிற்று. அந்தக் குளிர் முழுவதும் நான் மூன்று கவுன்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன். இருமலும் விடவில்லை.

நான் பள்ளியில் தமிழும் இந்தியும் படித்தேன். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அரிசி டப்பாவைத் துடைத்தேன். காகிதம் கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

இரண்டு ஓரத்திலும் 5 கண்ணி மூடு. பிறகு ஒரு வரி விட்டு ஒரு வரி, இரண்டு ஓரத்திலும் 1 கண்ணி குறை. இப்படி 4 தடவை. மீதி 50 கண்ணி. பிள்ளைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள்.

நான் படித்து முடித்ததும் அம்மா ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் திறந்து பாதி ஸ்வெட்டரை எடுத்தார். எனக்கு அது அப்போது முழங்கைக்கு மேல் ஏறாது. தம்பிக்கு நான்கு வயது ஆகியிருந்தது. அவனுக்காகப் பின்னி முடித்தார். இந்தச் சின்ன ஸ்வெட்டர் அதுதான். தொட்டுப் பாருங்கள்.

அந்தக் காகிதத்தின் கணக்கை இந்தக் கரும்பலகையில் போடுவோம். பிள்ளையின் மார்புச் சுற்று 56 செ.மீ. உடம்போடு ஒட்டாமல் இருக்க 4 செ.மீ. கூட்டுவோம். மொத்தம் 60. முன் பக்கம் பாதி, பின் பக்கம் பாதி. ஆக ஒரு பக்கத்துக்கு 30 செ.மீ. முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்க்க வேண்டும். அளவு நாடாவை வைத்து 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். அம்மாவின் கைக்கு 22 வந்தது. அப்படியானால் 30 செ.மீ.க்கு 66. ஓரம் தைக்க 2 சேர்த்தால் 68. ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம். அதனால் என் அம்மாவின் 22-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் துண்டை நீங்கள் பின்னி எண்ணுங்கள்.

இனி மேலே பாருங்கள். அக்குளில் 5-ம் 5-ம் மூடினால் 68 போய் 58. பிறகு 2, 2 ஆக 4 தடவை குறைத்தால் 8 போகும். மீதி 50. பீபீஜி எழுதியது சரியாக வருகிறதா?

ஊசி வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடையில் பழைய எண் முறைதான் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதில் எண் கூடக் கூட ஊசி ஒல்லியாகும். 8-ஐ விட 10 ஒல்லி. இடுப்புப் பட்டைக்கு 10-ஆம் எண் ஊசி. சீதா இரண்டு, உல்டா இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் பட்டை ரப்பர் போல் இழுபடும். உடம்புக்கு 8-ஆம் எண். சில பாக்கெட்டில் மில்லி மீட்டர் போட்டிருக்கும். அங்கே கதை தலைகீழ். 4 மி.மீ. என்பதுதான் 8-ஆம் எண். அந்தக் கணக்கில் எண் கூடினால் ஊசி தடிக்கும். பெரிய எண் என்றால் பெரிய ஊசி என்று நினைத்து நானே ஒரு முறை 12-ஆம் எண் வாங்கி வந்துவிட்டேன். ஒரு மாதம் பின்னியும் ஒரு சாண் தாண்டவில்லை.

துவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டு மயிர்க் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டால் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, கட்டிலில் விரித்துக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் முழங்கால் வரை நீண்டுவிடும்.

குளிர் என்றால் ஊசி மட்டும் இல்லை. மண்ணிலும் வேலை உண்டு. நம் சந்து வீடுகளில் தோட்டத்துக்கு எங்கே போவது? 15 கிலோ எண்ணெய் டின் போதும். அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி மாடியில் வைக்கலாம். வெந்தயக் கீரை விதைக்க இதுதான் சமயம். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமே விதை. நான்கைந்து நாளில் முளைக்கும். ஒரு மாதத்தில் பறிக்கலாம். கொத்தமல்லி விதையை அப்படியே போடாதீர்கள். செருப்பால் மெதுவாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். ஒரு விதைக்குள் இரண்டு செடி இருக்கிறது.

அடுத்தது கறிவேப்பிலை. நம்மில் பாதிப்பேர் ஊரிலிருந்து ஒரு கன்றை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்கள். டிசம்பரில் அது மஞ்சளாகும். ஜனவரியில் இலை எல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் அம்மா ஒரு கன்றை எறியப் போனார். பக்கத்து வீட்டு மாலிதான் தடுத்தார். குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. அது குளிரில் தூங்கும் மரம். தூங்கும்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும். தொட்டுப் பார்த்து மண் நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பகல் வெயில் படும் இடத்தில் வையுங்கள். பிப்ரவரி கடைசியில் துளிர் விடும். அப்போது நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும்.

ஹோலி முடிந்ததும் கம்பளியைப் பெட்டியில் வைக்கிறோம். காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் கட்டிக் கூடவே போடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க எங்கள் வீட்டில் அதைத்தான் செய்கிறோம். பிறகு மே, ஜூன். 45 டிகிரி தொடும் நாட்களும் வரும். 'லூ' என்ற அனல் காற்று அடிக்கும். எல்லோரும் அதைத் திட்டுவார்கள். என் அம்மா திட்டமாட்டார். அது வடாம் காற்று. ஊரில் இரண்டு மூன்று நாள் காய வேண்டிய வடாம் இங்கே ஒரே நாளில் சலசலக்கும்.

எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறேன். ஒரு டம்ளர் பச்சரிசி மாவுக்கு மூன்று டம்ளர் தண்ணீர். தண்ணீரில் அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு போட்டுக் கொதிக்கவிட வேண்டும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டி இல்லாமல் கிளற வேண்டும். அடுப்பைக் குறைத்து மூடி வையுங்கள். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். இறக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து அச்சில் பிழியலாம். உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள். கூழை ருசித்தால் உப்புக் குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்தால் உப்பு ஏறும். நான் முதல் தடவை கூழிலேயே சரியாகப் போட்டேன். பொரித்ததை ஒருவராலும் தின்ன முடியவில்லை. அம்மாவிடம் அளவு கேட்டால் "கண் அளவுதான்" என்பார். அவர் கண் என்னிடம் இல்லையே. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போடப் போட அளந்து எழுதிக்கொண்டேன்.

மாலை நேரத்தில் மேற்கே செம்மண் நிறத்தில் வானம் தெரிந்தால் ஓடிப்போய் எடுத்துவிடுங்கள். புழுதிக் காற்று வருகிறது. ஒரு வருடம் எங்கள் வடாம் நான்கு வீடு தள்ளிப் போய் விழுந்தது. அந்த வீட்டு அம்மா எல்லாவற்றையும் பொறுக்கி, தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். மறு வருடம் எங்களோடு சேர்ந்து பிழிந்தார். தை மாதத்தில் காலிபிளவரும் காரட்டும் டர்னிப்பும் போட்டு, வெல்லமும் கடுகு எண்ணெயும் சேர்த்துச் செய்யும் ஊறுகாயை அவர்தான் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார்.

மழைக் காலத்தில் பெரிய வேலை இல்லை. பீர்க்கங்கொடியைக் கயிற்றில் ஏற்றிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் துடைத்துவிடுங்கள்.

அம்மா போன வருடம் இந்த வகுப்பில் சேர்ந்தார். அவருடைய நோட்டை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டுகிறேன். முதல் பக்கத்தில் பெயர். இரண்டாம் பக்கத்தில் 'சீதா 2 உல்டா 2'. அதன் கீழே ஒரு வரிக்கு ஒரு கோடு. நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் ஐந்து. புளியங்கொட்டை இனி குழம்புக்குப் புளி கரைத்த பிறகு குப்பைக்குத்தான்.

இந்தப் பச்சை நூல் எனக்கு. இருபது வருடம் தாமதம். அக்குள் வரை அவர் பின்னட்டும், மேலே நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். தேவையில்லை, நானே படித்துக்கொள்கிறேன் என்கிறார். பீபீஜியின் காகிதத்தைத் தமிழில் பெயர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் அளவுக்கு எத்தனை கண்ணி என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு பெருக்கல் தப்பு. அதை இப்போது எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

அதற்கு முன்னால் லச்சியைப் பந்தாகச் சுற்ற வேண்டும். சிக்கு விழாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். யாராவது முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டுங்கள்.