ஐந்தரை மணி நேரத்தில் ஒரு சேரி இல்லை

தோழர்களே, 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களையும் (2022, 2023) நான் ஏமாற்றம் என்கிறேன். நாவலின் முடிவை மாற்றியதற்காக அல்ல. சோழ நாட்டைக் காட்டத் தாய்லாந்துக்கும் ஓர்ச்சாவுக்கும் போனதற்காகவும் அல்ல. எங்கே வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

பொன்னி நதி பாட்டில் வந்தியத்தேவன் குதிரையில் போகிறான். ஆறும் பசுமையும். அந்த நாற்றை நட்டது யார், சேற்றில் இறங்கியவர்கள் சாயங்காலம் எந்தத் தெருவுக்குத் திரும்பினார்கள்? ஐந்தரை மணி நேரத்தில் பதில் இல்லை. கேட்டால், "கல்கியின் கற்பனைதானே" என்கிறார்கள். சரி, அப்புறம் பொற்காலம் என்று மார்தட்டுவது எதற்கு?

சேரியை நாம் இட்டுக்கட்டவில்லை. பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களில் வரி இல்லாத நிலங்களைக் கணக்கெடுக்கும் கல்வெட்டுகள், குளத்தையும் வாய்க்காலையும் சொல்லிக்கொண்டே வந்து பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் சொல்கின்றன. சுடுகாடும் தனி: பறைச்சுடுகாடு. வெட்டியவர்களுக்கு அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

2019 ஜூனில் திருப்பனந்தாளில் பா.இரஞ்சித், ராஜராஜன் காலத்தில் நம் நிலம் பறிபோனது என்று பேசினார், உடனே வழக்கு. மூன்றாண்டு கழித்து வந்த படம் அந்தப் பக்கமே போகவில்லை.

டெல்டாவின் சேரிப் பிள்ளைகளும்தான் புலிக்கொடிக்கு விசில் அடித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கல்வெட்டுப் பட்டியலை எந்த வகுப்பில் அவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள்? சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் வயல் வழியே பிணம் தூக்கிப் போகிறவர்களும் அவர்கள்தான்.