போதும் என்னும் புண்ணியம்

(ஜூபிலி விழாவையொட்டிப் பங்கு மக்களுக்கு ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்தும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் விவிலியத்தில், லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தில், ஜூபிலி வேறு விதமாகத் தொடங்குகிறது. ஐம்பதாம் ஆண்டில் விதைக்கக் கூடாது. நிலம் ஓய்வெடுக்க வேண்டும். கைமாறிப்போன காணி பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் தன் வீடு போய்ச் சேர வேண்டும். அதாவது, இதற்கு மேல் வேண்டாம் என்று மனிதன் தன் கையை மடக்கிக்கொள்வதே முதல் ஜூபிலிக் கொண்டாட்டம். எனவே இந்த நன்னாளில் மட்டுத்திட்டம் என்னும் புண்ணியத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நம் பெரியோர் ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழையும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தார்கள். போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம். மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. இதை வயிற்றோடு நிறுத்திவிடலாகாது. திருச்சபை போதிக்கும் நான்கு தலைமைப் புண்ணியங்களில் ஒன்றான மட்டுத்திட்டம், உணவுக்கும் குடிக்கும் மட்டுமன்றி உடைக்கும் செலவுக்கும் உழைப்புக்கும் உரியது.

இதைக் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். கானாவூர்க் கலியாணத்தில் நம் ஆண்டவர் ஆறு கற்சாடிகளையும் விளிம்புவரை நிரப்பச் செய்து திராட்சை இரசம் அளித்தார். அவரே ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பின், மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. தாராளமும் சிக்கனமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன.

நம் வட்டாரத்தாருக்கு அளவு என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பச்சைத்தோலுக்கு உப்புக் குறைந்தால் தோல் அழுகும். சுண்ணாம்பில் ஊறுவது குறைந்தால் மயிர் கழலாது. மிஞ்சினால் தோல் தளர்ந்து பாழாகும். தோல் ஷாப்பில் வேலை செய்த கைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் தோலுக்குக் காட்டிய அளவு, அத்தோலைக் கழுவிய தண்ணீருக்குக் காட்டப்படவில்லை.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட முறை குறைந்து, குரோம் முறை பரவி, ஏற்றுமதி பெருகிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தொழிற்சாலைகள் பெருகின. வேலை கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். இதை நன்றியோடு சொல்கிறோம். அதே வேளையில் சுத்திகரிக்காத கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்றும் அத்தீர்ப்பில் கண்டிருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியும் அதில் உறுதியாயிற்று.

பின்னும் 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைச் சீர்செய்யவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவும் உத்தரவிட வேண்டியதாயிற்று. இரு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்துவிட்டன. அளவு மீறுவது எளிது. மீறியதைச் சரிசெய்ய ஒரு தலைமுறைக் காலமும் போதவில்லை.

முதலாளிமாரை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு வீடு திரும்பலாமா? அளவின்மை ஆலையில் மட்டும் குடியிருப்பதில்லை. புதுநன்மைக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கலியாணத்துக்கும் ஒரு நாள் விருந்துக்காக நகையை அடகு வைத்து வாங்கும் கடன், ஷூ கம்பெனிக்குப் போகும் தாயின் சம்பளத்தை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறது. வட்டி கட்டவே கூடுதல் நேரம் வேலை செய்கிறாள். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்ப்பது அரிதாகிறது. பந்தியிலோ பாதிப் பிரியாணி இலையோடு போகிறது. சம்பள நாளில் மதுக்கடையில் நின்றுவிட்டு வரும் தகப்பனைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. அளவோடு அருந்தும் இரசம் மகிழ்ச்சி தரும், அளவு மீறினால் கசப்பையும் சண்டையையும் தரும் என்று சீராக் ஆகமம் 31-ஆம் அதிகாரம் போதிக்கிறது. நிறுத்த முடியாதவனுக்கு அளவு என்பது அறவே விட்டுவிடுவதுதான். அவனை ஏளனம் செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை.

1966-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் ஒருசந்தி நாட்களைக் குறைத்தார். தவம் இனி தேவையில்லை என்பது அதன் கருத்தன்று. அதை நம் மனச்சாட்சியிடமும் பிறரன்பிடமும் ஒப்படைத்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விடுத்த 'லவுதாத்தோ சீ' திருமடலும், குறைவானதில் நிறைவு காணும் வாழ்வு மனிதனை விடுவிக்கிறது என்று கற்பிக்கிறது.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் நான்கு காரியங்களைக் கடைப்பிடிப்போம். கடன் வாங்கி விருந்து வைப்பதில்லை என்று குடும்பமாக முடிவு செய்வோம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளைச் செலவை மிச்சம் பிடித்து, பிடி அரிசியோடு ஏழைகளுக்குச் சேர்ப்போம். குடம் நிரம்பியதும் குழாயை மூடுவோம். அண்டை வீட்டாரின் கிணறும் நம் கிணறும் ஒரே ஊற்றில் குடிக்கின்றன. நம்மில் வேலை கொடுப்போர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சம் பிடிக்காமலும், தொழிலாளியின் ஞாயிறு ஓய்வைப் பறிக்காமலும் இருப்பார்களாக. மட்டுத்திட்டம் என்ற பேரில் கூலியைக் குறைப்பது பாவம்.

பாலைவனத்தில் மன்னா பொழிந்தபோது, அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. மறுநாளைக்கு என்று பதுக்கியது புழுத்து நாறிற்று. 2021 நவம்பரில் நம் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதை நாம் எல்லோரும் கண்டோம். இறைவன் கொடுப்பதில் குறை வைக்கவில்லை. வாங்கும் நம் கைக்குத்தான் அளவு வேண்டும். அந்த அளவை அவர் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் கற்றுத் தந்து, நம் பங்கை ஆசீர்வதிப்பாராக.