ஜாமீன் போட ஆளில்லை

(கோடியக்கரைக் கூட்டத்தில் பேசியது)

நான் பேங்க் குமாஸ்தா. கடன் கேட்டு வர்ற கூலிக்காரங்ககிட்ட ‘ஜாமீன் யாரு?’ன்னு கேக்குறதுதான் பொழப்பு. ஜெயில் வாசல்லயும் அதே கேள்வி.

எங்க தெரு உப்பளக் கூலி ஒருத்தர், ஜாமீன் ஆர்டர் வந்தும் மூணு வாரம் உள்ளேயே கிடந்தார். சொத்துள்ள உள்ளூர்க்காரர் ரெண்டு பேர் கையெழுத்துப் போடணுமாம். ஊர்ல பட்டா வச்சிருக்கிறது யாரு? புகார் கொடுத்தவரோட பங்காளிங்க. அவங்க வாசல்ல கைகட்டி நிக்க மாட்டேன்னுடுச்சு அவர் சம்சாரம்.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இடம் 4,36,266 பேருக்கு. அடைபட்டிருந்தவர்கள் 5,73,220 பேர். முக்கால்வாசி விசாரணைக் கைதிகள். நெரிசல், செலவு என்று அதிகாரிகள் புலம்புகிறார்கள்.

2023-இல் ஏழைக் கைதிகளுக்கென மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கலெக்டர், எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், நீதிபதி எல்லாம் உட்கார்ந்து, ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை ஒதுக்கலாம் என்றார்கள். நல்லதுதான். பணம் கட்டலாம், பட்டாவுக்கு எங்க போறது?

அதே வருஷம் ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது: ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றி, கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேணும்னு நிபந்தனை போட வேணாம்னும் சொல்லியிருக்கு. நகல் என் பையில இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் வாங்க. உள்ளே இருக்கிறவங்க பேரும் ஆர்டர் தேதியும் சொல்லுங்க, இங்கயே மனு எழுதிடலாம்.