கழுத்தும் அதன் காவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றியோ இசையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர், மருத்துவத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எம்மை அழைத்து, "உடல் நலம் பற்றி ஏதேனும் சொல்லுங்கள், ஆனால் முழு உடலையும் சொல்லிவிடாதீர்கள், அடுத்து நாடகம் இருக்கிறது" என்று அன்புக் கட்டளை இட்டார்கள். ஆகவே உடலில் ஒரு சாண் அளவும் இல்லாத ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதுதான் கழுத்து.

இப்பொருளை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சென்ற பொங்கல் விருந்தின்போது இதே மண்டபத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நான்கு வயதுக் குழந்தை ஒன்று கரும்பு கடித்துக்கொண்டே ஓடியது. சக்கை தொண்டையில் அடைத்தது. குழந்தைக்கு அழவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. பெரியவர்களாகிய நாம் என்ன செய்தோம்? ஒருவர் உச்சந்தலையில் தட்டினார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒருவர் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினார். யாம் கை கழுவிவிட்டு வந்து சேர்வதற்குள், நம் காலனியில் குடியிருக்கும் செவிலி அம்மையார் ஒருவர் குழந்தையைக் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டிச் சக்கையை வெளிப்படுத்திவிட்டார். அக்குழந்தை இன்று முதல் வரிசையில் அமர்ந்து எம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆயினும், இத்தனை ஆண்டுகளாக உங்களிடையே வாழ்ந்தும் இதனை உங்களுக்குக் கற்பிக்கவில்லையே என்ற நாணம் எம்மைவிட்டு அகலவில்லை. அக்கடனைத் தீர்க்கவே இன்று பேசுகின்றோம்.

நம் முன்னோர் இவ்வுறுப்பை நன்கு அறிந்தவர்கள். கழுத்து, மிடறு, கண்டம், எருத்து, பிடரி, குரல்வளை என அவர்கள் வைத்த பெயர்களே அதற்குச் சான்று. எழுத்துகள் பிறக்கும் முறையைச் சொல்லவந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று ஒலியாகும் முறையை வகுத்துக் காட்டினார். பின்வந்த நன்னூலாரோ உயிரெழுத்துகளுக்கும் இடையினத்துக்கும் பிறப்பிடம் மிடறே என்றார். "அ" என்று சொல்லும்போது முன்கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஓர் அதிர்வு தெரியும். இக்காலத்துக் கருவிகள் எவையும் இன்றி, தம் குரலைத் தாமே உற்றுக் கேட்டு அவர்கள் கண்ட உண்மை அது.

இனி, கழுத்தின் அமைப்பைப் பின்புறத்திலிருந்து காண்போம். கழுத்தின் தூண் 7 முள்ளெலும்புகளால் ஆனது. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் இதே 7 எலும்புகள்தாம். ஒவ்வொன்றும் நீண்டிருப்பதே வேற்றுமை. நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அச்சுமையைத் தாங்குவது வளையம் போன்ற முதல் எலும்பு. மண்டையோடு அதன்மேல் அமர்ந்து முன்னும் பின்னும் அசைவதால் "ஆம்" என்று தலையசைக்கிறோம். இரண்டாம் எலும்பிலிருந்து ஒரு முளை மேலெழுந்து அவ்வளையத்துள் நிற்கிறது. திரிகையின் நடுமுளையைச் சுற்றி மேற்கல் சுழல்வது போல, அம்முளையைச் சுற்றி முதல் எலும்பு திரும்புவதால் "இல்லை" என்று தலையசைக்கிறோம். தென்னாட்டார் தலையசைத்தால் அது ஆமா, இல்லையா என்று நம் வடநாட்டு அண்டைவீட்டார் மயங்குகின்றனர் அல்லவா? இரண்டு மூட்டுகளையும் ஒருங்கே இயக்கும் நம் திறமையே அதற்குக் காரணம் போலும்!

தலையை வலப்பக்கம் திருப்புங்கள். இடப்பக்கத்தில், காதின் பின்னிருந்து மார்பெலும்பு வரை கயிறு போல ஒரு தசை எழுந்து நிற்பதைக் கையால் உணரலாம். பிடரியிலும் பல அடுக்குத் தசைகள் உள்ளன. தலை நேராக நிற்கும்போது அவற்றுக்கு உழைப்பு குறைவு; குனியக் குனிய அவை தாங்கும் பாரம் பன்மடங்காகப் பெருகும். கைப்பேசியை மடியில் வைத்து மணிக்கணக்காகக் குனிந்திருக்கும் இளைஞர்களே, உங்கள் பிடரி வலிக்குத் தைலத்தைத் தேடுமுன் கைப்பேசியைக் கண்ணளவுக்கு உயர்த்துங்கள்.

முன்கழுத்துக்கு வருவோம். மோவாய்க்குக் கீழே, நாவின் வேரைத் தாங்கி, குதிரை லாடம் போன்ற ஒரு சிற்றெலும்பு உள்ளது. உடலில் வேறெந்த எலும்போடும் மூட்டாக இணையாது தசைகளின் பிடியிலேயே அது தொங்குகிறது. அதன்கீழ் இருப்பது குரல்வளை. ஆடவர் கழுத்தில் புடைத்துத் தெரிவது அதன் கேடயக் குருத்தெலும்பு. அதற்குக் கீழ் மூச்சுக்குழல். அதன் பின்னால் உணவுக்குழல். காற்றுக்கும் சோற்றுக்கும் தொண்டை பொதுவழி. குரல்வளையருகே வழி இரண்டாகப் பிரிகிறது. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலெழுகிறது. அதன் மூடி கவிகிறது. குரல்நாண்கள் நெருங்கி அடைத்துக்கொள்கின்றன. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உணவு கடந்தபின் கதவு திறக்கிறது. உண்ணும்போது பேசினாலோ சிரித்தாலோ ஓடினாலோ இந்த ஒழுங்கு குலைகிறது. அதுவே புரையேறுதல்.

புரையேறினால் "ஊரில் யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்கு அச்சொல் இனிக்கிறது. ஆனால் தலையில் தட்டுவதால் அடைப்பு நீங்காது. ஆகவே பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

அடைத்தவர் பலமாக இருமினால் இரும விடுங்கள். இருமலினும் சிறந்த மருந்தில்லை. இருமவோ பேசவோ இயலாது திணறினால், முன்னே குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். நீங்காவிடில், பின்னால் நின்று, கொப்பூழுக்கும் மார்பெலும்புக்கும் இடையே கைமுட்டியை வைத்து, மற்றக் கையால் அதனைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை இழுத்து அழுத்துங்கள். பொருள் வெளிவரும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்க. கருவுற்ற தாய்மார்க்கு வயிற்றில் அழுத்தாது மார்பில் அழுத்துக. ஓராண்டு நிரம்பாத குழந்தையாயின், தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு. பின் நிமிர்த்தி மார்பின் நடுவே 5 அழுத்தம். வயிற்றில் கை வைத்தல் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது மேலும் உள்ளே போகும். தண்ணீரும் புகட்டற்க. நினைவிழந்தால் தரையில் கிடத்தி மார்பு அழுத்தத்தைத் தொடங்குக; அதற்குள் ஒருவர் 112 என்ற எண்ணை அழைக்கட்டும்.

நிற்க. கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் ஓடுகின்றன. குரல்வளைக்குச் சற்றுப் பக்கத்தில் விரல் வைத்தால் துடிப்புத் தெரியும். இவையன்றி வேறிரு தமனிகள், மேலுள்ள 6 முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறுகின்றன. கழுத்தெலும்புகளின் நடுவே தண்டுவடம். அதன் 3, 4, 5-ஆம் கழுத்து நரம்புகளிலிருந்து உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பிறக்கிறது. நாம் உறங்கும்போதும் மூச்சு நடப்பது இந்நரம்பின் பணியால்தான். இதை அறிந்தபின் இரண்டு செயல்களை நாம் விட்டொழிக்க வேண்டும். ஒன்று, முடிதிருத்தும் கடையில் தலையைப் பற்றிச் சடக்கென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்ளுதல். தமனியின் உட்சுவர் கிழியவும் நரம்பு நையவும் அதனால் இடமுண்டு. மற்றொன்று, சாலை விபத்தில் விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் திணித்தல். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அசைக்காத வரையில் பிழைத்திருப்பவர், அசைத்ததனால் மூச்சிழக்கக்கூடும். வேறு ஆபத்து இல்லையாயின், ஆம்புலன்சு வரும்வரை தலையும் கழுத்தும் ஆடாமல் பிடித்துக்கொள்வதே உதவி.

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தபடி, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமர்ந்திருப்பது தைராய்டு சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம். உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் ஆளும் இச்சுரப்பிக்கு வேண்டுவது அயோடின். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்ற தாய்க்கு 250 வேண்டும். இந்தச் சிறு அளவும் கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கிக் கழலையாகிறது. தாயின் குறை கடுமையாயின் பிறக்கும் குழந்தையின் அறிவும் செவியும் குன்றுகின்றன.

மழையும் பனியும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்ற இமயமலை அடிவாரத்தில் இந்நோய் ஊர்தோறும் இருந்தது. ஸ்ரீகாகுளத்தில் பிறந்த மருத்துவ மேதை வி. இராமலிங்கசுவாமி அவர்களும் அவர்தம் குழுவினரும் 1956-இல் காங்கிரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பே அளித்தனர்; அங்கும் நோய் குறைந்தது. 1962-இல் நம் அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006 முதல் அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்கென விற்பது நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது.

இதை ஏன் நம்மிடையே சொல்கிறோம்? விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது வடாமும் ஊறுகாயும் கொண்டுவரும் நாம், "ஊர் உப்பின் ருசி வராது" என்று தூத்துக்குடிக் கல்லுப்பையும் மூட்டையாகக் கட்டி வருகிறோம். கடலில் விளைந்த உப்பில் அயோடின் நிறைந்திருக்கும் என்பது பலர் எண்ணம். அது தவறு, உப்பளத்தில் விளையும் உப்பில் எஞ்சும் அயோடின் மிகச் சிறிது. 2018-19-இல் நாடு முழுவதும் நடந்த ஆய்விலும், போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் குடும்பங்களின் விகிதத்தில் தமிழ்நாடு கடைநிலையில் நின்ற மாநிலங்களுள் ஒன்று. கல்லுப்பே வேண்டுமெனில் அயோடின் கலந்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. உறையைப் பார்த்து வாங்குங்கள். ஈரமும் வெயிலும் படாமல் மூடிவையுங்கள்.

இறுதியாக, சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்கிறோம். நம் காலனிப் பெண் ஒருவரின் முன்கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்று எழுந்தது. வலியில்லை. வரன் பார்க்கும் காலம். பெண் பார்க்க வருவோர் கண்ணில் பட்டுவிடுமோ என்று அஞ்சிய தாயார் அகன்ற அட்டிகை ஒன்றைச் செய்து அணிவித்தார். ஈராண்டு கழிந்தது. குரல் கம்மிய பிறகே எம்மிடம் அழைத்து வந்தனர். தைராய்டில் தோன்றிய புற்று அது. குரல்நாணை இயக்கும் நரம்பையும் பற்றியிருந்தது. அறுவையும் சிகிச்சையும் நன்கு நிறைவேறின. இன்று அவர் நலமாக வாழ்கிறார், மணமும் ஆயிற்று. ஆனால் நம் விழாக்களில் கடவுள் வாழ்த்துப் பாடிய அந்தக் குரல் திரும்பவில்லை.

அன்பர்களே, தாயாரை மட்டும் குறை சொல்லற்க. அவ்விரண்டு ஆண்டுகளும் அப்பெண் இம்மேடையில் நின்று பாடினார். நாம் அனைவரும் அட்டிகையைப் புகழ்ந்தோம். மருத்துவராகிய யாமும் பத்தடி தொலைவில் அமர்ந்து புகழ்ந்தோமேயன்றி, "அம்மா, அங்கென்ன தடிப்பு?" என்று கேட்டோமில்லை. இதைச் சொல்லலாமா என்று அவரிடமே இசைவு கேட்டோம். "சொல்லுங்கள் மாமா, இன்னொருத்தி மறைக்காமல் இருக்கட்டும்" என்றார்.

கழுத்தில் எழும் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. நம் உடலின் நிணநீர்க் கணுக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்தில் உள்ளன. சளி பிடித்தாலும் பல் சொத்தையானாலும் அவை வீங்கித் தணியும். முன்னோர் கண்டமாலை என்றழைத்த நோயோ பெரும்பாலும் காசநோயே. தவறாது மருந்துண்டால் அது முற்றும் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஆயினும் மூன்று வாரத்துக்கு மேல் தணியாத கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்குவதில் தடை ஆகிய மூன்றில் எது தோன்றினும் மருத்துவரைக் காண்க. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கமுடையோர் ஒரு நாளும் காலம் தாழ்த்தற்க. கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள். விழுங்கும்போது மேலும் கீழும் அசையும் தடிப்பு முன்கழுத்தில் தெரிந்தால், அது தைராய்டாக இருக்கலாம். மறைப்பதற்கு அதில் இழிவொன்றும் இல்லை.

பெரியோர்களே! தொலைதூரத்தில் வாழும் நமக்குத் தாயும் அத்தையும் அண்ணனும் இந்தக் காலனியே. ஊரிலுள்ள அத்தை எதிரில் வந்ததும், "என்னடி கழுத்தில்?" என்று கேட்டிருப்பார். அக்கேள்வியைக் கேட்கும் உரிமையை நாமும் ஒருவர்க்கொருவர் எடுத்துக்கொள்வோம். தமிழ் பிறக்கும் இடம் மிடறு என்றனர் ஆன்றோர். அதைக் காப்பதும் தமிழ்ப்பணியே.