போன பொதுவுடைமை திரும்பி வருமா?

(கிருஷ்ணகிரி மாவட்டம் குருபரப்பள்ளியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயமானது, ஒரு தடவை பொதுவுடைமை ஆட்சி இருந்து ஒழிந்துபோன தேசத்தில் அது மறுபடியும் வருமா என்பதாகும். குருபரப்பள்ளிக்கும் ருஷியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இந்த வட்டாரத்தில் முன்பு கேழ்வரகும் நிலக்கடலையும் விளைந்த நிலங்களில் இப்போது கம்பெனிகள் நிற்கின்றன. அவற்றில் வேலை செய்கிற நம் பிள்ளைகளில் ஏராளமானவர்கள் காண்ட்ராக்டு ஆட்கள். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது அவர்களுக்கே தெரியாது. இவர்கள், "ருஷியாவில் இருந்ததுபோல் ஒன்று திரும்ப வந்தால்தான் நமக்கு விடிவு" என்கிறார்கள். இரண்டு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறவரோ, "அது வந்தால் உள்ளதையும் பிடுங்கிக்கொள்வார்களே" என்று பயப்படுகிறார்.

தோழர்களே! இவ்விருவரும் ஒரே விதமாகத்தான் நினைக்கிறார்கள். ஒருவர் கல்கி அவதாரத்தை எதிர்பார்ப்பதுபோல் எதிர்பார்க்கிறார். மற்றவர் செத்தவன் பேயாய் வருவான் என்று நடுங்குவதுபோல் நடுங்குகிறார். பொதுவுடைமை சாமியுமல்ல, பேயுமல்ல. அது மனிதர்கள் செய்த ஏற்பாடு. ஆகையால் எங்கே வந்தது, எதனால் போயிற்று, போன பிறகு எது திரும்பிற்று, எது திரும்பவில்லை என்று நடந்த காரியங்களைக் கொண்டே பார்ப்போம்.

முதலில் ருஷியாவை எடுத்துக்கொள்வோம். 1917-இல் புரட்சி நடந்த சில நாட்களுக்குள்ளாகவே எட்டு மணி நேர வேலைச் சட்டம் போட்டார்கள். எழுத்தறியாதவர்களுக்கு எழுத்தறிவித்தார்கள். நிலப்பிரபுக்களை ஒழித்தார்கள். இவற்றை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே ஆட்சியில் 1937, 1938 ஆகிய இரண்டே வருஷங்களில் 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இது எதிரிகள் கட்டிய கதையல்ல. அந்த சர்க்காரின் சொந்தத் தஸ்தாவேஜிகளிலேயே இருக்கிற கணக்கு. 1962-இல் நொவொசெர்காஸ்க் என்ற ஊரில், இறைச்சி விலையையும் வெண்ணெய் விலையையும் ஏற்றி, அதோடு கூலியையும் குறைத்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் சர்க்கார் என்று பெயர் வைத்துக்கொண்ட சர்க்கார் தொழிலாளர்களைச் சுட்டது. 26 பேர் மாண்டார்கள். பிறகு 7 பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். இந்தச் சங்கதி அந்த நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று.

இதன் பலனை 1991-இல் பார்த்தோம். 1980-களின் கடைசியில் அந்தக் கட்சிக்கு ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் மெம்பர்கள் இருந்தார்கள். 1991 டிசம்பர் 25-ஆம் தேதி கோர்பச்சேவ் ராஜினாமாச் செய்து செங்கொடியை இறக்கியபோது, இந்தக் கோடிப் பேரில் எத்தனை பேர் தெருவுக்கு வந்து தடுத்தார்கள்? தடுக்கவில்லை. ஏன்? பாக்டரி உன்னுடையது என்று எழுபது வருஷம் அவர்களிடம் சொன்னார்கள். ஆனால் அதன் சாவியை ஒரு நாளாவது அவர்கள் கையில் கொடுத்தார்களா? தன்னுடையது என்று மனதில் படாத பொருளை எவனாவது காவல் காப்பானா?

சரி, ஆட்சி போன பிறகு அந்த ஜனங்கள் சுகப்பட்டார்களா என்றால், அதுவுமில்லை. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறிற்று. ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் காகிதமாய்ப் போயிற்று. 1990-இல் 64 வயதுக்குப் பக்கத்தில் இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994-இல் 58-க்கும் கீழே இறங்கிற்று. சர்க்கார் பாக்டரிகளும் எண்ணெய்க் கிணறுகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

இவ்வளவு கஷ்டம் வந்தபோது பழையது திரும்பியிருக்க வேண்டுமல்லவா? திரும்பப் பார்த்தது. 1996-இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாவது சுற்றில் கம்யூனிஸ்டுக் கட்சியின் சுகானோவுக்கு 100-க்கு 40 ஓட்டு விழுந்தது. யெல்ட்சினுக்கு ஏறத்தாழ 54 விழுந்தது. இன்றைய கஷ்டத்தை வெறுத்தவர்கள் அநேகர். ஆனால் நேற்றைய பயத்தையும் அவர்கள் மறக்கவில்லை.

இன்னொரு தேசத்தைப் பாருங்கள். ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் மால்டோவா என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. அதுவும் சோவியத்தில் இருந்ததுதான். அங்கே 2001-இல் நடந்த தேர்தலில், கம்யூனிஸ்டுக் கட்சி என்ற பெயரோடேயே நின்று, 101 ஸ்தானங்களில் 71-ஐப் பிடித்தார்கள். அவர்கள் தலைவர் வொரோனின் 2009 வரை ஜனாதிபதியாக இருந்தார். ஆகவே "திரும்பி வருமா" என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. கட்சி திரும்பும், கொடி திரும்பும், பெயரும் திரும்பும்.

ஆனால் பொதுவுடைமை திரும்பிற்றா? இல்லை. பிரித்துக் கொடுத்த நிலத்தை அவர்கள் மறுபடியும் கூட்டுப்பண்ணையாக்கவில்லை. தனிச்சொத்தை ஒழிக்கவில்லை. 2005 வாக்கில் ஐரோப்பிய யூனியனோடு ஒட்டிக்கொள்ளவே வழி தேடினார்கள். போலந்தில் 1993-இலும் ஹங்கேரியில் 1994-இலும் பழைய கம்யூனிஸ்டுகள் பெயரை மாற்றிக்கொண்டு ஜெயித்து வந்தார்கள். வந்தவர்கள் கம்பெனிகளைத் தனியாருக்கு விற்கும் காரியத்தைத் தொடர்ந்து செய்தார்கள். மாந்தோப்பைப் பற்றிக் கவலைப்படும் தோழர் இதைக் கேட்டுச் சற்று நிம்மதியாகத் தூங்கலாம். விடிவு வருமென்று காத்திருக்கும் தோழரோ இதைக் கேட்டு விழித்துக்கொள்ள வேண்டும்.

நிற்க, ருஷியாவில் உண்மையாகவே திரும்பி வந்தது எது தெரியுமா? கோயில்தான் திரும்பி வந்தது! மாஸ்கோவில் இருந்த மிகப் பெரிய கிறிஸ்தவக் கோயிலை 1931-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகு அந்த இடத்தில் நீச்சல் குளம் கட்டினார்கள். 2000-இல் அதே இடத்தில் அதே கோயிலைப் பழையபடி கட்டி, பாதிரிமார் வந்து பிரதிஷ்டை செய்துவிட்டார்கள்! பகுத்தறிவு பேசுகிற நமக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? வெடி மருந்தால் கல்லைத்தான் தகர்க்கலாம். மூடநம்பிக்கையைத் தகர்க்க முடியாது. யோசிக்கவும் கேள்வி கேட்கவும் விடாமல், "இதை நம்பாதே, அதை நம்பு" என்று உத்தரவு போட்டார்கள். சாமி படத்தை எடுத்துவிட்டு அந்த ஆணியிலேயே ஸ்டாலின் படத்தை மாட்டினார்கள். லெனினுடைய உடலைக் கெடாமல் பதம் பண்ணி வைத்து ஜனங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். கும்பிடுகிற புத்தியை அப்படியே வைத்துக்கொண்டு கும்பிடப்படுகிற ஆளை மட்டும் மாற்றினால், பழைய ஆள் என்றைக்காவது திரும்பி வரத்தானே செய்வான்?

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியா பொதுவுடைமை நாடாக இருந்ததில்லை. ஆனால் பொதுவுடைமைக் கட்சிகள் ஆண்ட மாகாணங்கள் உண்டு. வங்காளத்தையும் கேரளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வங்காளத்தில் 1977 முதல் 2011 வரை 34 வருஷம் தொடர்ந்து ஆண்டார்கள். ஆரம்பத்தில் வாரத்துக்குப் பயிரிடுகிறவர்களின் பெயர்களைப் பதிவு செய்து, அவர்களை நிலத்தைவிட்டு விரட்ட முடியாதபடி செய்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் 34 வருஷம் தோல்வியே காணாத கட்சிக்குக் கேட்கிற காது போய்விடும். அதே கட்சி 2006-இல் சிங்கூரில் கார் பாக்டரிக்காக, கொடுக்க மனமில்லாத குடியானவர்களின் நிலத்தையும் சேர்த்து எடுத்தது. 2007 மார்ச் 14-இல் நந்திகிராமில் போலீசார் சுட்டு 14 பேர் மாண்டார்கள். 2006-இல் இடதுசாரிகளுக்கு 235 ஸ்தானம். 2011-இல் 62. 2021-இல் ஒன்றுகூட இல்லை!

கேரளத்தில் 1957-இல் நம்பூதிரிபாடு மந்திரிசபை வந்தது. 1959-இல் மத்திய சர்க்கார் அதைக் கலைத்தது. 1967-இல் அவரே திரும்பி வந்தார். பிறகும் பல தடவை அந்தக் கட்சியினர் போனார்கள், வந்தார்கள். நடுவில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது. உழுத குத்தகைதாரனுக்கு நிலம் வந்தது. குடிசை போட்டிருந்தவனுக்குக் கிராமத்தில் 10 சென்ட் வரை உரிமை வந்தது. அதற்குப் பின் எத்தனையோ மந்திரிசபைகள் மாறின. "அந்தப் பத்துச் சென்டைத் திருப்பிக் கொடு" என்று கேட்க யாருக்காவது துணிச்சல் வந்ததா? வரவில்லை. ஏனெனில் அது கட்சியின் கையைவிட்டு ஜனங்களின் கைக்குப் போய்விட்டது.

அங்கேயும் ஒரு குறை உண்டு. வயல் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் குத்தகைச் சீட்டு வைத்திருந்த ஜாதிகளுக்கு. அந்த வயலில் இறங்கி நாற்று நட்ட புலையருக்கும் பறையருக்கும் கிடைத்தது பெரும்பாலும் குடிசையடியில் இருந்த அந்தச் சில சென்டுதான். ஜாதியைத் தொடாமல் சொத்தை மாத்திரம் பங்கு போட்டால், ஜாதி வந்து பங்கில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே தோழர்களே! நான் காண்பது இதுதான். ஜனங்கள் தோற்கடிக்கக்கூடிய கட்சியாக இருந்தால் அது திரும்பி வரும். துப்பாக்கியாலோ ஆணவத்தாலோ போகவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த கட்சி, போன பிறகு திரும்புவது வெகு கஷ்டம். கட்சி வந்தாலும் போனாலும், ஜனங்கள் போராடி உரிமையாக்கிக்கொண்டது மாத்திரம் நிற்கும். அதுவும் சும்மா நிற்காது. காவல் இருந்தால்தான் நிற்கும்.

இதற்கு உதாரணம் தேட வெளிதேசம் போக வேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலைக்காக 1886-இல் சிக்காகோவில் தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். இந்தியாவில் 1946-இல்தான் பாக்டரி சட்டத்தைத் திருத்தி வாரத்துக்கு 48 மணி என்று வைத்தார்கள். இங்கே பொதுவுடைமை ஆட்சி வராமலேயே அது வந்தது. ஆனால் 2023 பிப்ரவரியில், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், நாளொன்றுக்குப் 12 மணி வரை வேலை வாங்க இடம் தரும் திருத்தம் நிறைவேறிற்று. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 21-இல், நம் சட்டசபையிலும் 12 மணிக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எழுந்தன. ஆளுங்கட்சியின் கூட்டாளிகளே சபையை விட்டு வெளியேறினார்கள். மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1-ஆம் தேதி அது வாபஸ் என்று முதன்மந்திரி அறிவித்தார். இதை மாஸ்கோவிலிருந்து யாராவது வந்து செய்தார்களா? சத்தம் போட்டவர்கள் செய்தார்கள். அந்தப் பத்து நாள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால், "ஐயோ, எட்டு மணி நேரம் திரும்பி வருமா?" என்று அதற்கும் ஒரு கூட்டம் போட வேண்டியிருந்திருக்கும்.

ஆகையால் அது வருமா வராதா என்று ஜோசியம் கேட்பதை விடுங்கள். உங்களோடு மெஷினில் நிற்கிற ஒடிசாக்காரனையும் பீகார்க்காரனையும் "வடக்கன்" என்று தள்ளி வைக்கிறீர்கள். தமிழ் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன், கன்னடம் பேசுகிறவன் என்று மூன்றாகப் பிரிந்து உட்காருகிறீர்கள். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவனிடம் ஜாதி கேட்கிறீர்கள். கம்பெனிக்காரன் யாரிடமாவது ஜாதி கேட்டு மிஷினைத் தருகிறானா? அவனுக்கு எல்லோருடைய கையும் ஒரே கைதான். அந்த ஒரு விஷயத்தில் அவன் நம்மைவிடப் புத்திசாலி. கூலிச் சீட்டு கேளுங்கள். வைப்பு நிதிப் பணம் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். ஒருவனை நிறுத்தினால் ஏன் என்று ஒன்பது பேர் சேர்ந்து கேளுங்கள். சங்கத்திலும் தலைவன் சொன்னான் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், கணக்குக் கேளுங்கள். ருஷியாவில் கோடிப் பேர் கட்சியில் இருந்தும் இல்லாமல் போனது இந்தக் கேட்கிற பழக்கம்தான்.

நான் சொன்னேன் என்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.