நீலக்கல்: சூடும் சான்றிதழும்
(சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





பொன்விழா ஆண்டில் எங்களையும் அழைத்து, "வியாபாரத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் தம்பி" என்று கேட்டுக்கொண்ட நிர்வாகக் குழுவினருக்கு நன்றி. அண்ணனும் தம்பியுமாக நாங்கள் கல் வியாபாரம் செய்கிறோம். அண்ணனுக்கு மைக்கைக் கண்டால் ஆகாது. ஆகவே இருவர் சார்பிலும் இந்தப் பேச்சு.

ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களைச் சுற்றி நம்மவர்கள் மளிகைக் கடையும் துணிக்கடையும் வைத்துப் பிழைத்தார்கள். அதே தோட்டத்து மக்கள்தான் இன்று எங்களிடம் கல் கேட்டு வருகிறார்கள். இந்துச் சகோதரர்கள் சனிக்கு நீலம் கேட்பார்கள். மலாய்க்காரர்கள் வெள்ளி மோதிரத்துக்குக் கேட்பார்கள். நம் வீடுகளில் மகளின் நிக்காஹுக்குக் கேட்பார்கள். காரணம் எதுவானாலும், கொடுப்பது பெரும்பாலும் ஈ.பி.எப். பணம், அல்லது தோட்டம் விற்கப்பட்டபோது கிடைத்த நட்டஈட்டுப் பணம். ஆகவே இந்தக் கல்லுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பயத்தைத் தெளிய வைக்கிறோம். சூடேற்றிய கல் என்றால் போலிக்கல் அல்ல. இன்று சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை நெருப்பைப் பார்த்தவைதான். இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த நம் அறிஞர் அல்-பிரூனி, கற்களைப் பற்றிய தம் நூலில், மாணிக்கத்தை நெருப்பிலிட்டுக் கறை நீக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இலங்கையில் 'கியூடா' என்று ஒரு கல் உண்டு. பால் கலந்த தண்ணீர் மாதிரி வெளுத்து, மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் அதைச் சீந்துவார் இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப் போய் உலையில் 1,500 பாகை செல்சியசுக்கும் மேலே சூடேற்றினார்கள். எஃகே உருகி ஓடிவிடும் சூடு அது. கல்லுக்குள் பட்டு நூல் போல ஓடிய ரூட்டைல் கரைந்து, அதிலிருந்த டைட்டானியம் கல்லில் உள்ள இரும்போடு சேர்ந்து, வெளுத்த கல் நீலமாயிற்று. வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. உள்ளே இருந்ததைத்தான் நெருப்பு வெளியே கொண்டுவந்தது. இலங்கைக்காரர்கள் கொடுத்த விலையையும் பாங்காக்கில் விற்ற விலையையும் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். இன்று பேருவளை சீனன்கோட்டையில் நம் சமுதாயத்தவர்களே உலை வைத்துச் சூடேற்றுகிறார்கள்.

இந்தச் சூடு நிலையானது. நிறம் மங்காது, கழுவினால் போகாது. ஆனால் விலை வேறு. ஒரே எடை, ஒரே நிறம் என்றாலும் சூடேற்றாத கல் அதிக விலை போகும். நல்ல நிறமுள்ள பெரிய கல்லில் அந்த வித்தியாசம் இரு மடங்குக்கு மேலும் போகும். சூடேற்றியதைச் சூடேற்றாதது என்று விற்றால் அந்த வித்தியாசம் முழுவதும் வாங்கியவரின் பையிலிருந்துதான் போகிறது.

அடுத்ததுதான் சிக்கலானது. போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா படித்தபோது, இரும்பைக் கரித்தூளுக்குள் வைத்துச் சூடேற்றுவதைப் படித்தோம். கரி இரும்பின் மேல்தோலுக்குள் இறங்கி அதைக் கடினமாக்கும். கல்லிலும் இதையே செய்யலாம். டைட்டானியத்தைப் பூசிச் சூடேற்றினால் மேலே மெல்லிய நீலத் தோல் உண்டாகும். ஆனால் டைட்டானியம் ஆழமாகப் போகாது. கல்லைத் திரவத்தில் போட்டு வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தால் பட்டை தீட்டிய விளிம்புகளில் மட்டும் நிறம் கோடு கட்டி நிற்கும். பழகிய கண்ணுக்கு அது பிடிபட்டுவிடும்.

பெரிலியம் அப்படி இல்லை. அது மிகச் சிறிய அணு. கல்லின் நடுவரைக்கும் போய்விடும். 2001 வாக்கில் தாய்லாந்துச் சந்தபுரியிலிருந்து, தாமரை நிறத்தில், ஆரஞ்சும் ரோஸும் கலந்த கற்கள் குவியல் குவியலாக வந்தன. அந்த நிறம் இயற்கையில் அரிது, விலையும் அப்படித்தான். அரிதான பொருள் எப்படிக் குவியலாக வரும்? 2002 ஜனவரியில் அமெரிக்க வியாபாரிகள் சங்கம் எச்சரிக்கை விட்டது. பெரிலியம் உள்ள கிரைசோபெரில் என்ற வேறு கல்லையும் சேர்த்துப் போட்டுச் சூடேற்றியதில் வந்த நிறம் அது என்று தெரியவந்தது. பிறகு மஞ்சள் கல்லுக்கும், கறுத்த நீலத்தை வெளுக்க வைப்பதற்கும் அதே வித்தையைக் கையாண்டார்கள்.

இதை லூப் வைத்துத் தீர்த்துச் சொல்ல எவராலும் முடியாது. முப்பது வருட அனுபவம் என்பார்கள். அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் பத்து லட்சத்தில் சில பங்கு பெரிலியத்தைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? லேசர் கதிரால் கல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைச் சுரண்டி, அந்தத் துகளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று எடைபோடும் இயந்திரம் வேண்டும். ஜி.ஐ.ஏ., சுவிட்சர்லாந்தின் எஸ்.எஸ்.இ.எப்., குபெலின் போன்ற ஆய்வகங்களில் அது உண்டு. பெரிய விலைக் கல் என்றால், "சான்றிதழ் வந்த பிறகே பேரம் முடியும்" என்று முன்பணத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்குவதில்லை. முந்நூறு வெள்ளிக் கல்லுக்கு இந்தச் சோதனை கட்டாது. அப்போது சூடேற்றியதாகவே வைத்துக்கொண்டு அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது வகை, எங்களுக்குக் கோபம் வரவழைக்கிற வகை. விரிசல் நிறைந்த மட்டமான கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றுவது. 2004 வாக்கில் மாணிக்கத்தில் இது வந்தது. 2012இல் கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியோடு நீலக்கல்லிலும் வந்தது. பால்மரம் சீவி ஓய்வுபெற்ற ஓர் அம்மா, தோட்டத்துக்கு வந்து போன ஒருவரிடம் நீலம் வாங்கினார். பத்தர் மோதிரத்தைப் பெரிதாக்க நெருப்பைக் காட்டியதும் கல்லின் மேல் கொப்புளம் எழும்பிவிட்டது. பத்தர்மேல் சண்டைக்குப் போகுமுன் எங்களிடம் கொண்டுவந்தார். லூப்பில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழிகள், விரிசல் நெடுக நீலப் பளபளப்பு. பத்தர்மேல் குற்றமே இல்லை. கண்ணாடி நிரப்பிய கல் எலுமிச்சைச் சாற்றுக்கே தாங்காது. "சமையல் செய்யும்போது கழற்றி வைப்பீர்களா அம்மா?" என்று கேட்டோம். "இல்லியே தம்பி, அது வெளங்குற கல்லுன்னு கழட்டவே கூடாதுன்னாரு" என்றார்.

அந்த அம்மாவிடம் ரசீது இருந்தது. 'நீலக்கல் மோதிரம் 1' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஆகவே ரசீதைப் பற்றிச் சொல்கிறோம். இயற்கைக் கல்லா, செயற்கையா. சூடேற்றியதா, பெரிலியமா, கண்ணாடியா. எடை எத்தனை கேரட். இவை எழுத்தில் வேண்டும். 'இயற்கை' என்ற ஒரு சொல் போதாது. பெரிலியம் ஏற்றிய கல்லும் மண்ணிலிருந்து வந்ததுதான். தாத்தா காலத்து மோதிரம் என்றாலும் கேளுங்கள். செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902இலேயே வெர்னாய் அறிவித்துவிட்டார்; சில ஆண்டுகளில் நீலமும் வந்துவிட்டது. பழைய மோதிரத்தில் புதிய கல் இருக்க வேண்டியதில்லை, பழைய செயற்கைக் கல்லே இருக்கலாம்.

சான்றிதழ் கொடுத்தால் அதையும் சும்மா வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். அதிலுள்ள எண்ணை ஆய்வகத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு கல்லை நிறுத்து, மில்லிமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். சான்றிதழ் உண்மையானதாக இருக்கும்; கூட வந்த கல் வேறாக இருக்கும். இது நடக்கிறது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நம் நபி (ஸல்) அவர்கள், அதை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட வரலாறு இங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரியும். ஈரத் தானியத்தை விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. கல்லிலும் அப்படித்தான் நாங்கள் பார்க்கிறோம். கண்ணாடி நிரப்பியதை 'கண்ணாடி நிரப்பியது' என்று எழுதி, அந்த விலைக்கு விற்றால் யாருக்கும் வழக்கில்லை. குறையை மறைத்து விற்றால் திருப்பித் தரும் உரிமை ஃபிக்ஹிலும் உண்டு, நாட்டுச் சட்டத்திலும் உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளிதான். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

மதிய உணவுக்குப் பிறகு மண்டபத்தின் பின்புறம், தண்ணீர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில், அண்ணன் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருப்பார். மோதிரங்களைக் கொண்டுவாருங்கள், கட்டணம் இல்லை. கண்ணாடியும் செயற்கையும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பெரிலியத்தை அவராலும் சொல்ல முடியாது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், மோதிரத்திலிருந்து கழற்றிய கல்லாக அனுப்பினால் நல்லது. வருமுன் மோதிரத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் கொண்டுவாருங்கள். பிரியாணி நெய்யோடு வந்தால் நுண்ணோக்கியில் நெய்தான் தெரியும்.